தட்டு எண் 41, இரண்டாம் பக்கம்

அரக்குத் தட்டில் கீறல் நிறைய.
உறைமேல் நீல மையில் சேகரித்தவர் எழுதியிருக்கிறார்:
ஒப்பாரி. தமிழ்க் கூலிப் பெண். தஞ்சோங் பகார். 1938.
அதன் கீழே, பென்சிலில்:
சுருதி பிசகு. பாதியில் நின்றது. பயனில்லை.

ஆவணக்காப்பகத்தின் குளிரில்
சால்வை போர்த்திக்கொண்டு கேட்கிறேன்.
வெளியே முப்பத்து மூன்று பாகை.
காதுக்குள் அவள்
யாரும் சாகாத அறையில் அழுகிறாள்.
கூலி ஐம்பது சென்ட்.
கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது,
மின்விசிறி பழுதுபார்த்த செலவுக்கு அடுத்த வரியில்.

என் கணினியும் சென்ட்டில்தான் பேசும்.
ஓர் அரைச்சுரத்துக்கு நூறு.
அவளுடைய காந்தாரம்
சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே
முந்நூற்று நாற்பத்தெட்டில் உட்கார்ந்திருக்கிறது.
எட்டு முறை பாடுகிறாள், எட்டு முறையும் அங்கேயே.
பிசகுகிறவள்
ஒவ்வொரு தடவையும் ஒரே மயிரிழையில் பிசகுவாளா?

இந்த இடைவெளியை முன்பே அளந்திருக்கிறேன்:
ஜொகூரில் பதிந்த செருனை நாடா ஒன்றில்.
கேலாங் அடுக்குமாடிக்குக் கீழே
சாவுக் கூடாரத்தில் சொனா ஊதியவரின் மூன்றாம் துளையில்.
"உறவு" என்று எழுதினேன். அடித்தேன்.
ஒத்திருப்பதெல்லாம் உறவென்றால்
இந்தத் துறைக்கு ஆய்வாளர் எதற்கு,
கல்யாணத் தரகர் போதும்.

பிறகு அந்த இரைச்சல்.
டொக் டொக். டொக். டொக் டொக்.
"துடைச்சிடவா?" என்பதை மலாயில் கேட்டார்
ஒலிப்பொறியாளர் ஷாஹ்ரில்.
ஒரு சொடுக்குதான்.
துடைத்தோம்.
பாட்டு தள்ளாடியது.
ராசாவே என்று இழுத்தது
எங்கே இறங்குவதென்று தெரியாமல்
அந்தரத்தில் நின்றது.
இரைச்சலைத் திருப்பி வைத்தோம்.
ராசா வந்து நேராக ஒரு டொக்கில் கால் ஊன்றினார்.

மீ விற்பவரின் பையன் அது.
வண்டிக்கு முன்னால் ஓடி
மூங்கில் தட்டி ஆளழைப்பவன்.
மூன்று தெரு தள்ளித் தொடங்கி
நெருங்கி வருகிறான்.
அவள் மூச்செடுக்கும் இடங்களை
அவனுக்காக மாற்றிக்கொண்டே போகிறாள்.
எண்பத்தேழு தட்டில் எழுபத்தொன்பது பொருந்துகின்றன.
மீதி எட்டும் ஊசி தாவியதில் போயிற்று.

இரண்டு நிமிடம், பதினோராம் நொடி.
மூங்கில் சன்னலுக்குக் கீழே.
செத்தவனை நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு
அவள் கூவுகிறாள்:
"டுவா!"
இரண்டு கிண்ணம்.

பயனில்லை என்றவர்
அங்கேயே ஊசியைத் தூக்கியிருக்கலாம்.
தூக்கவில்லை.
இன்னும் ஆறு நொடி ஓடுகிறது.
நாற்காலி நகர்கிறது. ஓர் ஆண் இருமுகிறான்.
இரண்டாவது கிண்ணம் யாருக்கு?
கிண்ணம் ஐந்து என்றால்
அவள் கையில் மிச்சம் நாற்பது.

கருத்தரங்கில் இதைச் சொன்னபோது
பேராசிரியர் கோ சியூ லிங் கேட்டார்:
"சரி, இதில் இசை எங்கே முடிகிறது?"
வரைபடத்தைக் காட்டினேன்.
"டுவா"வும் முந்நூற்று நாற்பத்தெட்டு.
அதன்பின் தேநீர் இடைவேளை.

நேற்று அட்டவணையைத் திருத்தினேன்.
மொழி: தமிழ், மலாய்.
நிலை: முழுமையானது.
கலைஞர்கள்: இருவர்.
பெயர்க் கட்டத்தைக் காலியாக விட
மென்பொருள் சம்மதிக்கவில்லை,
சிவப்பில் மின்னியது.
ஒரு புள்ளி வைத்தேன்.
சற்றுத் தள்ளி
இன்னொரு புள்ளி.
ஏற்றுக்கொண்டது.