பாக்கி

காவேரிப்பட்டணம் சாலையில்
எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
மாங்காய் லாரி, கிரானைட் லாரி, புளி மூட்டை.
இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் ஒப்புக்கொள்ளாது இந்த இயந்திரம்.
பாக்கி நடுமேடையில் உட்கார்ந்து
வாலை நக்கினாலும்
சிவப்பு எழுத்தில் பூஜ்ஜியம்தான்.

வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர்
இந்த அறைக்கே வந்து நின்ற அன்று
அவர் காலிடுக்கில் புகுந்து வந்தது.
பெயர் அப்படித்தான் ஒட்டியது.

நாலு நாளாய் அதற்கு வயிறு சரியில்லை.
எம்-சாண்ட் குவியலின் ஓரத்தில்
தண்ணீராய்ப் போகிறது. பிறகு
போனதை மூடக்கூட மண் தள்ளாமல்
அங்கேயே சோர்ந்து உட்காருகிறது.
ஒரு பூனை தன் மானத்தை விடுவதைப்
பார்த்திருக்கிறீர்களா?
நான் டார்ச் அடித்தேன். உடனே அணைத்தேன்.

தேதி இருபத்து மூன்று.
சட்டைப்பையில் நூற்றுநாற்பது.
ஏழாம் தேதி வரை அதுதான் நான்.
தனியார் டாக்டரிடம் போனில் கேட்டால்
பார்க்க மட்டும் முந்நூற்றைம்பது என்றார்கள்.
பார்க்க மட்டும் என்றால்
நானே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அரசு கால்நடை மருத்துவமனை.
கட்டைப்பையில் பாக்கி, வாய்க்கு வெளியே ஒரு காது.
முன்னால் ஒரு ஜெர்சி, இரண்டு வெள்ளாடு,
கால் கட்டிய சேவல்.
"பில்லிக்கா ஊசி?" என்று
ஆட்டைப் பிடித்திருந்தவள் சிரித்தாள்.
சீட்டு எழுதும் மாதப்பன் நிமிர்ந்தார்:
"இது கால்நடையாப்பா?"
நாலு கால் இருக்கு சார்.
நேத்து வரைக்கும் நடந்துச்சு.

டாக்டரம்மா கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார்.
தோல் உடனே திரும்பவில்லை,
யோசித்து யோசித்து இறங்கியது.
தராசில் இரண்டு கிலோ அறுநூறு.
மனப்பாடம் செய்துகொண்டேன். தொழில் புத்தி.
தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்:
"என்ன குடுக்கறீங்க?"
பால், என்றேன் பெருமையாக.
தினம் கால் லிட்டர். என் டீயைக் கறுப்பாக்கி.
"அதை நிறுத்துங்க."

அவ்வளவுதான்.
என் அன்பின் பெயர் பேதி என்று எழுதாமல்
சீட்டில் வேறு ஏதோ எழுதினார்.

பூச்சி மாத்திரையில் கால் துண்டு, இலவசம்.
உப்பு மஞ்சள் இல்லாமல் வேகவைத்த கோழி,
மசித்த பரங்கிக்காய் அரை ஸ்பூன்.
நிறையத் தண்ணீர்.
ரெண்டு நாளில் தேறலைன்னா, ரத்தம் தெரிஞ்சா
ஓடி வாங்க.

நூருல்லா கடையில்
முப்பது ரூபாய்க்கு நெஞ்சுக்கறி.
தராசைப் பார்க்காதவர் போல
இன்னொரு துண்டு போட்டார்.
உழவர் சந்தையில் பரங்கிக் கீற்று ஐந்து.
கறி அதற்கு.
வெந்த தண்ணீரில் உப்பும் மிளகும் போட்டு
நான் குடித்தேன். பண்டிகை மாதிரி இருந்தது.

மாத்திரையை மூன்று முறை துப்பியது.
நான்காம் முறை விழுங்கியதாக நடித்தது.
ஐந்தாவதில் என் கட்டைவிரலில் ரத்தம்,
மாத்திரை உள்ளே.

பால் நின்றதில் நாளுக்குப் பதினான்கு மிச்சம்.
அது கறிக்குப் பாதி.
மீதிப் பாதியை எங்கே என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் இரவு, இரண்டு மணி.
ஓசூர் போகும் லாரி மேடையில் நிற்கும்போது
மணல் கீறும் சத்தம்.
ரசீதை அப்படியே விட்டு ஓடினேன்.
கெட்டியாக. ஒன்றே ஒன்று.
பாக்கி அதன் மேல் மண் தள்ளிக்கொண்டிருந்தது,
என்னை முறைத்தபடி.
"என்னய்யா, தங்கமா?"
டிரைவர் முனிரத்தினம் குதித்து வந்தார்.
சொன்னேன். நம்பாமல் குனிந்தார்.
நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு ஆண்கள்
ஒரு டார்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றோம்.
பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

எல்லாம் இறங்கிப் போனபின்
பாக்கி மேடை ஏறியது.
ஒரு சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை. சரக்கு: பூனை.
எடை: பூஜ்ஜியம்.
மடித்து, மிச்சமிருந்த நோட்டுகளோடு வைத்தேன்.

விடிந்ததும் எதிர்க்கடையில்
பால் டீ சொன்னேன், பல நாளுக்குப் பிறகு.
அது சாலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டே இருந்தது.
முதுகைக் காட்டிக் குடித்தேன்.