தி

சுபஹு தொழுதாயிற்று.
சம்மாந்துறையில் அஞ்சரை, லாஞ்சோவில் எட்டு.
வெட்டு மெஷின் இன்னும் வயலுக்குள் உறுமுது.
நாற்பது தாள்,
தாளுக்குப் பதினெட்டு ரூபாய்.
பேர் இல்லை, இலக்கம் மட்டும்.

இடைவெளி நிரப்புக.
'தி' வரவேண்டிய இடத்தை
இருபத்தேழு பேர் வெறுமனே விட்டிருக்கிறார்கள்.
ஒரு பிள்ளை பயந்துபோய்
எல்லாச் சொல்லுக்கு முன்னாலும் ஒரு 'தி',
கலியாண வீட்டு வாசலில்
செருப்புக் குவிந்த மாதிரி.

ஓ.எல்.லில் எனக்கும் இங்கேதான் போனது.
என் மொழியில் இல்லை,
அவர்கள் மொழியிலும் இல்லை.
இல்லாதவள் இருந்து
இல்லாதவர்களுக்கு அரை அரைப் புள்ளியாய் வெட்டுகிறேன்.

வாசிப்புப் பகுதி.
மீனவன் ஏன் இருட்டும்வரை கரையில் நின்றான்?
விடைத்தாள் சொல்கிறது: காற்றின் திசை பார்க்க.
417 எழுதியிருக்கிறது:
அவன் வீடு போக வெட்கம். கை மீன் இல்லை.
மூன்று பிழை.
கடலே காணாத ஊர்.

கல்முனைக்குடி மச்சானும்
அப்படித்தான் நின்றார், போன மாரி முழுக்க.

முழுப் புள்ளி போட்டேன்.
காரணம் கேட்டு ஒரு பெட்டி திறந்தது.
இங்கிலீசில் ரெண்டு வரி எழுதினேன்.

என் வரிக்குக் கீழும்
சிவப்புக் கோடு,
அதே இடத்தில்.