ஆறாவது கிராஸுக்குப் புதன்கிழமை தண்ணீர்

ஸ்ரீராமபுரத்தின் ஏழு தெருக்களும்
வாயில் நுழையாத ஒரு குளிர்நாட்டு ஊரும்
இனிமேல் உடன்பிறப்புகள் என்று
பந்தலில் கையெழுத்தானது.

பேனா எழுதவில்லை.
கவுன்சிலர் உதறிய உதறலில்
ஒப்பந்தத்தின் மேல் மூன்று மைத்துளி.
மைசூர்ப் பேட்டா அந்த ஊர்த் தலைவருக்குக்
காதுவரை இறங்கிவிட்டது.

நான் பந்தலுக்கு வெளியே நின்றேன்.
தண்ணீர் திறக்கிற சம்பங்கி.
வால்வ்மேன் என்பார்கள்,
தண்ணி வராத நாளில் வேறு என்னவோ என்பார்கள்.
தோளில் என் உயரத்துக்கு இரும்புச் சாவி.

அவர்களோடு வந்த மாரிட் என்கிற அம்மா
சாமந்தி மாலையைக் கழற்றிச் சுருட்டிப் பிடித்தபடி
சாவியைப் பார்த்து நேரே வந்தாள்.
அவளுக்கும் அங்கே இதே வேலையாம்.

ஏதோ கேட்டாள்.
அவள் பேச்சை இங்கிலீஷாக்கினான் ஒரு பையன்,
இங்கிலீஷைக் கன்னடமாக்கினார் ஜூனியர் இன்ஜினியர்,
கன்னடத்தைத் தமிழாக்கிக்கொண்டேன் நானே.
"கஷ்டமா?" என்று வந்து சேர்ந்தது.
அவள் கேட்டது "கனமா?" என்றுதான் இருக்க வேண்டும்.

"பழகிடுச்சு" என்றேன்.
போகும் வழியில் அது என்ன ஆனதோ,
அவள் கையை நீட்டினாள்.

மூடியைத் தூக்கினோம். கரப்பான்கள் சிதறின.
பையன் துள்ளினான், அவள் நகரவில்லை.
சாவி போய் உட்காரும் அந்த 'டக்'கை
மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை.
இரண்டு பேருமாகப் பதினொரு சுற்று.
பன்னிரண்டாவதில்
காலடியில் பூமி தொண்டையைச் செருமியது.

புதன்கிழமை ஆறாவது கிராஸின் முறையல்ல.
முதலில் ஒரு பச்சைக் குடம் எட்டிப் பார்த்தது,
அப்புறம் தெருவே குடமாக வந்தது.
பாதிக் கன்னத்தில் நுரையோடு ஒருவர்,
குக்கரைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி,
பிளாஸ்டிக் தொட்டிக்குள் குழந்தை இருப்பதை மறந்து
தொட்டியோடு ஒரு தகப்பன்.

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி
என்னைத் திட்டினார்.
பாராட்டுகிறாரா என்று அவள் கேட்டிருப்பாள் போல.
பையன் ஆமாம் என்று தலையாட்டினான்.
எனக்குக் கை குலுக்கினாள்,
அவருக்கும்.

ஒப்பந்தத்தில் ஷரத்துகள் பதினான்காம்.
நூலகம், நடனக் குழு, மாணவர் பரிமாற்றம்.
இரண்டு மழைக்காலம் போய்விட்டது,
பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரை மறைத்து
பேயிங் கெஸ்ட் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

லூர்துமேரி மட்டும் வால்வைத் திறக்கும்போதெல்லாம்
ஜன்னலில் நின்று கேட்கிறாள்:
"அண்ணா, அந்த அக்கா மறுபடி எப்ப வருது?"

"புதன்கிழமை" என்கிறேன்.
எந்தப் புதன் என்று
அவளும் கேட்பதில்லை.