முன் தெரு, பின் தெரு

புதுக்கோட்டை தாண்டியதிலிருந்து பேச்சில்லை.
திருமயம் கோட்டை வந்ததும்
"மேலே பீரங்கி இருக்கு" என்றான் ஜெரால்டு,
கண்ணாடியிடம் சொல்வதுபோல.
நான் கியரை மாற்றினேன்.

டேஷ்போர்டுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம்.
பாலக்கரையில் அப்பா விட்டுப்போன
ஒன்றே முக்கால் சென்ட்டுக்குப் பதினான்கு பக்கம்.
நாளைக்குத்தான் பதிவு.
இன்றைக்குச் சும்மா ஊர் பார்க்கலாம் என்றது
அவன்தான்.

கானாடுகாத்தானில் பஸ்ஸில் வந்த கூட்டம்
பெரிய வீட்டை மொய்த்திருந்தது.
வண்டியை ஆளில்லாத தெருவில் விட்டோம்.
அங்கேயும் ஒரு வீடு, பூட்டியிருந்தது.
மாடி முகப்பில் சுதை லட்சுமி,
இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய்கள்,
ஒருவன் தொப்பியில் காக்கைக்கூடு.

எதிர்ப் பெட்டிக்கடையில்
கோலிசோடா உடைத்துக் கொடுத்த பெண் சொன்னாள்:
"உள்ள விடமாட்டாக. நாப்பத்தொரு புள்ளி வீடு.
ஒரு சாவி தேவகோட்டையில, ஒண்ணு கோலாலம்பூர்ல.
விக்கணும்னா அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும்.
போடுவாகளா?"

எங்களைப் பார்த்துக் கேட்டாள்.
ஜெரால்டு சோடாவுக்குக் காசு கொடுத்தான்,
எனக்கும் சேர்த்து.

சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தேன்.
இருட்டு.
அப்புறம் வளவில் சதுரமாக வெயில்.
மறுபடி இருட்டு, மறுபடி வெயில்.
உள்கதவு ஒன்றையும் யாரும் சாத்தியிருக்கவில்லை.
அடுப்படியெல்லாம் கடந்து கடைசியில்
மிளகளவு வெளிச்சம்.
"பின் தெரு தெரியுதுடா."

"இரு" என்று நடந்தான்.
மதிலோடு போனான், போனான், திரும்பினான், காணோம்.
ஒரு வீட்டைச் சுற்ற இவ்வளவு நேரமா.
எங்கள் வீட்டில்
முன்னால் தும்மினால் கொல்லையில் துணி நனையும்.

மிளகு அணைந்தது.
போன் அடித்தது.
"தெரியுதா?"
"கறுப்பா ஏதோ."
"நான்தான்."
போனில் ஒரு முறை, வீட்டுக்குள்ளிருந்து ஒரு முறை
கொஞ்சம் பிந்தி வந்தது அவன் குரல்.
வளவில் புறாக்கள் எழும்பின.
"என்னைத் தெரியுதா உனக்கு?"
"உன் கண்ணுன்னு நெனச்சேன்.
நகருது. பல்லி."

சிரித்துவிட்டேன். அதுவும்
அவனுக்கு இரண்டு முறை கேட்டிருக்கும்.

"அங்கேயே நில்லு, காரைக் கொண்டு வர்றேன்."
பின் தெருவுக்கு வழி கேட்டேன்.
"அது வேற தெருவு" என்றாள் கடைக்காரி,
"பேரே வேற. சுத்தித்தான் போகணும்.
பாட்டிலை வச்சிட்டுப் போங்க."