பூஜ்ஜியம் மில்லிமீட்டர்

காலை ஏழு மணி, பெரட்டு கலைந்த பிறகு
ஆபீசுக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் நிற்கும்
மழைமானியைத் திறந்து
நேற்றைய வானத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி
எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவது என் வேலை.
இருபத்திரண்டு வருடமாக
சிலிம் ரிவர் மழைக்கு நான்தான் கிராணி.

குணவதிக்கு வலி விரல் கணுக்களில்.
கையுறைத் தொழிற்சாலையில்
அச்சிலிருந்து உருவி உருவி
கட்டைவிரல் அடி வீங்கிவிட்டது.
மோதிரம் இப்போது அரிசி டின்னுக்குள்.

"கை சொல்லுது, மழை வரும்.
துணிய எடுங்க" என்பாள்.
வெளியே, லாரிக்கடியில்
நிழல் தேடிப் படுத்திருக்கும் நாய்.
நான் எடுக்க மாட்டேன்.
மூன்றரைக்குச் செம்பனை வரிசைக்கு மேல் கறுத்து வரும்.
என் இரண்டு கால்சட்டையும் நனையும்.

கம்பெனி கொடுத்த மானி
பெய்து முடித்ததை மட்டும் சொல்கிறது.
இவள் கை முந்திக்கொள்கிறதே என்று
விசாரிக்கப் போனேன்.

பசாரில் மருந்துக்கடை ஆ லெக்
"காத்து உள்ள பூந்திருச்சு, தம்பி"
என்று கோயோ இரண்டு பாக்கெட் விற்றார்.
பக்கத்து வீட்டு இரத்தினவேலு
முழங்காலுக்குள் வைத்த கம்பி
இடி நாளில் ரேடியோ பிடிக்கிறது என்றான்.
கிளினிக் டாக்டர் ஹஸ்லின்டா
கணினியிலிருந்து கண்ணை எடுத்து,
காற்றழுத்தம் இறங்கினால் சிலருக்குத் தெரியலாம்,
தெரியாமலும் இருக்கலாம்,
ஆராய்ச்சிகள் இன்னும் சண்டை போடுகின்றன, அங்கிள் என்றார்.

சண்டையை நான் தீர்க்கிறேன் என்று
பதிவேட்டு ஓரத்தில்
வலித்த நாளுக்கெல்லாம் பென்சில் புள்ளி வைத்தேன்.
பதினோரு மாதம்.
மழை பெய்த நாள் நூற்று நாற்பத்தெட்டு.
புள்ளி நூற்று முப்பத்தொன்று.
மீதிப் பதினேழு நாள்
இரவு ஷிப்ட், தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
யாருக்கும் தெரியாமல் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து
பரீட்சைத் தாள்போல் அவள்முன் விரித்தேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
புள்ளி உள்ள இடத்தில் அவள் நிற்கவேயில்லை.

"ஜூலையில பாதிப் பக்கம் வெறுமையா கெடக்கு?"
"மழை இல்லையே."
"வலி இருந்துச்சே."
தெருமுனையில் ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்துக்
கடந்து போனார்.
"ஜூலையில நீங்க கேக்கவே இல்ல."

நனைந்து வீடு வந்த நாளில்தான்
தலை துவட்டிக்கொண்டே
கை எப்படி இருக்கு என்பேன்.
வெயில் நாளில் சோறு, செய்தி, உறக்கம்.
மழையோடு வந்துகொண்டிருந்தது
என் கேள்வி.

"சரி, அந்தத் துணி?" என்றேன், விடாமல்.
"தெனமுந்தான் எடுக்கச் சொல்றேன்.
நனைஞ்ச அன்னிக்கு மட்டும் உங்களுக்கு ஞாபகம்."

இப்போது எல்லா நாளும் கேட்கிறேன்.
ஜூலை போலவே நவம்பரும் புள்ளி.
மேனேஜர் என்னவென்று கேட்டார், கொசு என்றேன்.
மழையை நிரபராதி என்று எழுதிவிடலாம் என்றிருந்தபோது
போன வியாழன், பெரும் இடிக்கு முந்திய மாலை,
"இது வேற மாதிரி வலி" என்றாள்.
அதற்கு என்ன குறி வைப்பதென்று தெரியாமல்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

இன்று 0.0.
நாய் லாரிக்கடியில்.
"கை சொல்லுது, துணிய எடுங்க."
வானத்தைப் பார்க்காமல் எழுந்து போனேன்.
கொடியில் பத்தொன்பது கிளிப்பு.
ஒவ்வொன்றாக அமுக்கி எடுத்தேன்,
கட்டைவிரலால்.
ஸ்பிரிங் இத்தனை இறுக்கமா?
மழை வரவில்லை.