விரகனூருக்குக் கீழே

மாசிப் பனி மதகுகளின் பல்லிடுக்கில் இன்னும் இருந்தது.
இரவுப் பணி முடித்த அதே செருப்போடு
ஆற்றுக்குள் இறங்கினேன்.
சிக்கந்தர் எனக்கு முன்பே வந்திருந்தார்.
பஞ்சர் கடைக்கு இன்று பூட்டு.
கழுத்தில் தொலைநோக்கி,
கிரீஸ் படிந்த விரல்களில் கணக்கெடுப்புப் படிவம்:
பெயர். எண்ணிக்கை. குறிப்பு.

வைகை இங்கே ஆறு பாதி, சாக்கடை பாதி.
பறவைகளுக்கு அதைப் பற்றிப் புகார் இல்லை,
அல்லது இருந்தும்
எங்களிடம் சொல்வதாயில்லை.
ஆகாயத்தாமரைத் தண்டை ஒடித்து
ஒரு காலில் பிடித்துக்கொண்டு
ஐஸ் குச்சி தின்பதுபோல் தின்கிறது
நீலத் தாழைக்கோழி.
நீர்க்காகம்
எக்ஸ்ரேக்கு நிறுத்தியவர்போல்
இரு கையும் விரித்து, மூச்சடக்கி.

நாமக்கோழிகளில்தான் தகராறு.
நாற்பத்தொன்று என்றார்.
எனக்கு முப்பத்தெட்டு.
முங்கியதை நீங்கள் விட்டீர்கள் என்றார்,
எழுந்ததை நீங்கள் இரண்டுதரம் எண்ணினீர்கள் என்றேன்.
மூன்றாம் முறை இருபத்தாறில் இருக்கையில்
சிலைமான் பக்கமிருந்து ராமேஸ்வரம் வண்டி ஊத
அத்தனையும் தண்ணீர்மேல் தடதடவென ஓடி
எதிர்க்கரை நாணலுக்குள் போயின.

நேற்றிரவு பதினாலாம் கட்டிலில்
மணிக்கட்டைப் பிடித்தபடி
நான் எண்ணிக்கொண்டிருந்ததும்
பாதியில் நின்றது.
சிக்கந்தரிடம் அதைச் சொல்லவில்லை.
ஒன்றிலிருந்து, என்றேன்.
ஒன்று என்றார் அவர்.

பரல் மேட்டில் ஏறுகையில்
ஆள்காட்டி எங்களைக் காட்டிக்கொடுத்தது,
ஊருக்கெல்லாம், திரும்பத் திரும்ப.
அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து
பட்டாணி உப்புக்கொத்தி ஒன்று
என் முன்னால் விழுந்தது.
இடது இறகு மணலில் இழுபட,
இரண்டடி நகர்ந்து, சரிந்து,
என்னைத் திரும்பிப் பார்த்து,
மறுபடி இரண்டடி.

எலும்பு முறிந்தால் எப்படித் தொங்கும் என்று
பதினோரு வருடமாய்ப் பார்க்கிறேன்.
இது முறிவில்லை.
தெரிந்தும்
கால் அதன் பின்னால் போய்விட்டது.

"நில்லுங்க சிஸ்டர்.
காலை அங்கிட்டு வைக்காதீங்க."

தூக்கிய செருப்புக்கு நேர்கீழே
மூன்று கூழாங்கற்கள்.
கூர்முனைகள் உள்நோக்கி
ஒன்றையொன்று தொட்டபடி.
கற்கள் அப்படிப் படுப்பதில்லை.

கொஞ்ச நேரம் கொக்காக நின்றேன்.
பிறகு வந்த தடத்திலேயே
பின்பக்கமாக, சுவடுமேல் சுவடு வைத்து,
சிரிப்பை அடக்கிக்கொண்டு சிக்கந்தரும்.

கரை ஏறி உட்கார்ந்து
நாமக்கோழி நாற்பது என்று எழுதினோம்,
இருவருக்கும் ஒப்பாத ஒரு எண்.
உப்புக்கொத்தி, ஒன்று.
முட்டைக்குப் படிவத்தில் கட்டமில்லை.
குறிப்பில் எழுதட்டுமா என்றார்.
எழுதினால் யாராவது பார்க்க வருவார்கள் என்றேன்.
பேனாவை மூடினார்.

அங்கே அது
நொண்டாமல் நடந்து வந்து
அக்கம் பக்கம் பார்த்து
அந்த இறகை
ஒன்றுமே நடக்காததுபோல் மடித்து
உட்கார்ந்தது.