குதிரைத் தீனிக் கணக்கு

பிஷ்கெக்கிலிருந்து தணிக்கைக்குப் போயிருந்தேன்.
நரின் நகரம், நவம்பர்,
பனியாற்று ஆய்வு நிலையத்தின் கணக்கறை.
ஜன்னலில் பாதி கண்ணாடி, பாதி அட்டை.
மேசைமேல் ஒரு மணிச்சட்டம், எட்டுப் பேரேடு,
கையுறையைக் கழற்றாத கணக்காளர் உல்கான்.

மூன்றாம் பேரேட்டில் இடறினேன்.
தலைப்பு: குதிரைத் தீனி.
ஓட்ஸ் இத்தனை மூட்டை, வைக்கோல் இத்தனை கட்டு,
லாடம் நான்கு.
கூடவே கால்நடை மருத்துவரின் சான்று:
பழுப்பு நிறம். பற்கள் நன்று. வயது ஒன்பது.
அடுத்த ஆண்டும் வயது ஒன்பது.
அதற்கடுத்த ஆண்டும்.

எட்டு ஆண்டாக ஒன்பதிலேயே நிற்கும் குதிரையை
ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன்.

உல்கான் தேநீர் ஊற்றினார்.
சர்க்கரை இல்லை என்றார்.
பிறகு சொன்னார்:
"தொண்ணூற்று நான்கு மார்ச்சில் செத்துவிட்டது.
இறைச்சியைப் பங்கிட்டுக்கொண்டோம்.
அந்த மாதச் சம்பளம் அதுதான்."

அதே மார்ச்சில் தலைநகரிலிருந்து தாள் வந்ததாம்:
ஆய்வு என்ற தலைப்பில் இனி ஒரு சோமும் கிடையாது,
நிலையத்தின் சொத்துகளைப் பராமரிக்க மட்டும்
ஏதோ சிறு தொகை.
சொத்துப் பட்டியலில் இருந்தவை
ஒரு கட்டடம், ஓர் அடுப்பு, ஒரு குதிரை.

கட்டடம் ஒழுகட்டும் என்று விட்டார்கள்.
குதிரையைச் சாகவிடவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான்.
ஏட்டுக் குதிரை மலையேறியது.
அதன் ஓட்ஸ் மண்ணெண்ணெய் ஆனது.
அதன் வைக்கோல் மரக்கழி ஆனது,
தெகெ-சூ பனியாற்றின் முதுகைத் துளைத்து
இறக்கிய பதினெட்டுக் கழிகள்.
லாடக் காசில் ஒரு சோடி பூட்ஸ்.
ஒரே சோடி.
மெலிஸ் ஒரு வருஷம், ஜூமகுல் ஒரு வருஷம்
மாற்றிப் போட்டுக்கொண்டு போய்
செப்டம்பர்தோறும் அளந்துவந்தார்கள்,
கழி எவ்வளவு வெளியே துருத்துகிறதென்று.

அவ்வளவுதான் ஆய்வு.
கழி, அளவுநாடா, ஓர் எண்.
எண்பது சென்டிமீட்டர்.
நூற்றுப் பத்து.
நூற்று நாற்பத்தைந்து.

அண்டைப் பள்ளத்தாக்குகளின் ஏடுகளையும் புரட்டினேன்.
அந்த எட்டு ஆண்டும் வெறும் கோடு.
நேர்மையான வெறுமை.
தணிக்கையாளர் எவரும்
ஒரு குறை சொல்ல முடியாத வெறுமை.

பின்னாளில் இந்த எண்களை வைத்துத்தான்
பனியாற்றின் மூக்கடியில் ஓர் ஏரி
ஊதிக்கொண்டே வருவதைக் கணக்கிட்டார்கள்.
கீழே கிராமத்துப் பள்ளிக்கூடம்
ஆற்றோரம் எழாமல் மேட்டில் எழுந்தது.
ஏரி இன்னும் உடையவில்லை.
உடையாமலே போகலாம்.
பிள்ளைகள் பை சுமந்து மேடேறும்போது
மூச்சிரைக்கத் திட்டிக்கொண்டே போகிறார்கள்,
யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது.
கையில் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்:
இச்செலவால் பொதுமக்கள் பெற்ற நன்மை, ஒரு வரியில்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு
விடுதிக்குப் போய் எழுதினேன்:
குதிரை இறந்துவிட்டது, பதிவேட்டிலிருந்து நீக்குக.
சான்றளித்த மருத்துவரும் இறந்துவிட்டார்.
நீண்டகால அளவீடு என்று தனித் தலைப்பு திறக்குக.
ஆண்டுதோறும் தருக, அமைச்சர் யாரானாலும்,
பத்து ஆண்டுக்குப் பயன் என்னவென்று கேட்காமல்.
கடைசி வரியை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

(திறந்தார்கள். மூன்று வருஷம் கழித்து,
கேட்டதில் பாதி.)

ஆனால் விதி விதிதானே,
பொய்ச்சான்றுக்கு எதையாவது வசூலித்தாக வேண்டும்.
ஆகக் குறைந்ததைப் போட்டேன்:
ஒரு குளிர்காலத்து ஓட்ஸின் விலை.

உல்கான் வாதாடவில்லை.
மேலங்கியின் உட்பையிலிருந்து எடுத்து
எண்ணிக் கொடுத்தார்.
மணிச்சட்டத்தில் ஒருமுறை சரிபார்த்தார்.
ரசீது கேட்டு வாங்கி
குதிரையின் பக்கத்திலேயே ஒட்டினார்.

"எட்டு வருஷத்தில்," என்றார்,
"இன்றைக்குத்தான் இது
நிஜமாய்ச் சாப்பிட்டிருக்கிறது."